அம்மாமப்பாவின் தாகம்

அசன் முகம்மது தம் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார் என்பது அவரே சொல்லிக்கொண்டது. இருபத்தொரு வருஷம் பட்டாளத்தில் இருந்த ஒரு மனிதர் அப்படிச் சொன்னால் நம்புவது கடினம். ஆனால் நினைத்து நினைத்து அவர் நொந்துகொண்ட பொய் ஒன்றுதான். அது ஸ்ரீவில்லிபுத்தூரின் தென்கோடியில், ராஜபாளையம் போகிற பாதையோரம் நின்ற ஒரு பழைய கட்டடத்தைப் பற்றியது.

1899ஆம் வருஷம் அவர் பென்சனோடு ஊர் திரும்பினார். மனைவி மாஜிதாவைக் கட்டிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. லீவில் வந்துபோன நாட்களை எல்லாம் சேர்த்தாலும் அவளோடு இருந்தது இரண்டு வருஷம் தேறாது. அந்த லீவுகளில் இரண்டு தடவை அவள் உண்டானாள். இரண்டு தடவையும் ஊருணிப் படியில் தண்ணீர்க் குடத்தோடு சறுக்கி விழுந்து கலைந்தது. இரண்டு செய்தியும் அவருக்குக் கடிதத்தில்தான் வந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு நாயக், அவர் படையின் சின்ன அதிகாரி, அவற்றை வாசித்துக் காட்டிவிட்டு, துரைமார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

தெருக் கிணறு உப்பேறிப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நல்ல தண்ணீருக்கு அரை மைல் தாண்டி ஊருணிக்குத்தான் போகவேண்டும். அவர் வந்த மறுவருஷம் மாஜிதா மூன்றாம் தடவை உண்டானாள். வயது முப்பத்திநாலு. மருத்துவச்சி பாலம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவளிடம் சொல்லாமல் வாசலில் நின்ற அசன் முகம்மதுவிடம் சொன்னாள்:

"இந்தப் பிள்ள தங்கணும்னா இடுப்புல குடம் ஏறக்கூடாது. பொறவு என்னையக் குத்தம் சொல்லாதீய."

அன்றிலிருந்து பக்கத்தில் எங்கே தண்ணீர் இருக்கும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை.

அவர் வீட்டிலிருந்து இருநூறு காலடி தூரத்தில் இருந்தது அம்மாமப்பா தர்கா. மூன்று அறைகள் வரிசையாக இருந்த கட்டடம். முதலறை இடிந்து எருக்கு முளைத்துக் கிடந்தது. இரண்டாவதில் விளக்கும் எண்ணெய்ச் சட்டியும் இருந்தன. மூன்றாவதில், கும்மட்டத்துக்கு நேர் கீழே, பச்சைப் போர்வை விரித்த கபுரு, அம்மாமப்பா என்ற பெரியவரை அடக்கிய இடம். கும்மட்டத்தில் நட்சத்திர வடிவில் துளைகள் இருந்தன. உச்சிப் பொழுதில் அவை தரையில் ஒளி நட்சத்திரங்களாக விழுந்து மெல்ல நகரும். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் வியாழக்கிழமைகளில் போர்வை ஓரமாக மடியை விரித்து உட்காருவார்கள். நட்சத்திரம் மடியில் வந்து விழுந்தால் அப்பா கொடுத்துவிட்டார் என்று பொருள். முஸ்லிம் பெண்கள் மட்டுமில்லை, வன்னியம்பட்டியிலிருந்தும் மகாராஜபுரத்திலிருந்தும் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண்கள் வண்டி கட்டி வருவார்கள். மாஜிதாவும் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் நட்சத்திரம் விழுந்து கால் நாழிகை நகராமல் நின்றதாம். அப்படித்தான் அவள் சொன்னாள். நட்சத்திரம் அப்படி நிற்காது என்று அசன் முகம்மதுவுக்குத் தெரியும், சூரியன் நின்றாலொழிய.

தண்ணீர் யோசனையோடு ஒரு நாள் அவர் அந்த அறைக்குள் போய் நின்றபோதுதான் அது அவருக்குப் பிடிபட்டது. தரையில் பூட்ஸ் போட்டு நடந்து பழகிய கால். வெறுங்காலால் மிதித்தபோதும் உள்ளே பொள்ளல் என்று தெரிந்தது. 'தொம்' என்றது தரை. அதைத்தான் பெண்கள் காதை வைத்துக் கேட்டு அப்பாவின் மூச்சு என்பார்கள். அவர் குனிந்து போர்வையின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே இருந்தது நீளவாட்டில் அமைந்த கபுரு இல்லை. எட்டு மூலையுள்ள கல்மேடை. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்தில் வாய்க்கால் வெட்டி, ஒரு மூலையில் துவாரம் விட்டிருந்தது.

தக்காணத்தில் அவருடைய ரெஜிமெண்ட் இரண்டு குளிர்காலம் தங்கிய கோட்டை ஊரில் இதேபோல ஒன்று இருந்தது. அங்கே அந்தக் கட்டடம் இன்னும் புழக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அடுப்பு மூட்டுவார்கள். முதலறையில் உடுப்பைக் கழற்றிவைக்க வேண்டும், இரண்டாவதில் உடம்பு வெதுவெதுப்புக்குப் பழக வேண்டும், மூன்றாவது சூடு. தரை மண்ணில் பதியாமல் முழங்கால் உயரக் குட்டைத் தூண்களின் மேல் நிற்கும். பின்சுவருக்கு அப்பால் அடுப்பு, அடுப்பின் மேல் தண்ணீர்த் தொட்டி. நெருப்பின் சூடும் புகையும் தரைக்கு அடியில் புகுந்து ஓடி, சுவருக்குள் பதித்த சுட்டமண் குழாய்கள் வழியாக மேலே போய்விடும். கும்மட்டத்துத் துளைகள் வெளிச்சத்துக்கு. கண்ணாடி பதித்து ஆவியை அடைத்திருப்பார்கள். நடுமேடையில் ஆளைப் படுக்கப் போட்டு முரட்டுத் துணியால் முதுகு தேய்ப்பான் ஒருவன். அழுக்குத் தண்ணீர் மேடையைச் சுற்றிய வாய்க்காலில் ஓடி வெளியே போகும். அசன் முகம்மதுவும் அப்படி ஒரு மேடையில் படுத்து, தேய்த்தவனிடம் மெதுவாகத் தேய்க்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்.

அந்த ஊரில் அதற்குப் பெயர் ஹம்மாம். பெயரும் இங்கே அப்படியேதான் இருந்திருக்கிறது. ஹம்மாம் அம்மாமாகி, அம்மாமுக்கு ஓர் அப்பா சேர்ந்துவிட்டார்.

யார் கட்டியது என்பதற்குக் கல்வெட்டு எதுவும் இல்லை. மதுரையில் சுல்தான்கள் ஆண்ட கொஞ்ச காலத்தில் அவர்களுடைய படைத்தலைவன் ஒருவன் கட்டியிருக்கலாம். கடற்கரையில் குதிரை இறக்கி மலைநாட்டுப் பாதையில் ஓட்டிப்போன அரபு வணிகர்கள் தங்குமிடத்தில் கட்டியிருக்கலாம். குளிப்பதற்கென்று இத்தனை கல்லும் சுண்ணாம்பும் செலவழித்தவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் போன பிறகு இங்கே இருந்தவர்களுக்கு அதன் தேவை புரிந்திருக்காது. தேவை புரியாத கட்டடத்தை மனிதர்கள் ஒன்று இடிப்பார்கள், இல்லையென்றால் கும்பிடுவார்கள். இரண்டுமே அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்கான வழிகள்தாம்.

அசன் முகம்மதுவுக்கு இந்த யோசனை எல்லாம் இரண்டாம் பட்சம். இத்தனை பெரிய குளிப்பறைக்குத் தண்ணீர் ஊருணியிலிருந்து குடத்தில் வந்திருக்காது. மேற்குச் சுவரில் ஒரு வளைவை அடைத்துப் பூசிய அடையாளம் தெரிந்தது. அதற்கு அப்பால் தொட்டி, தொட்டிக்கு அப்பால் கிணறு. வெளிப்பக்கம் முழுக்கக் கூரை சரிந்து கள்ளி மூடிக் கிடந்தது. போக வேண்டுமானால் சுவரைத் திறந்துதான் போகவேண்டும்.

முதலில் அவர் உண்மையைச் சொன்னார். தர்காவைப் பார்த்துக்கொண்டவர் பீர் முகமது லெப்பை, மாஜிதாவின் அண்ணன். பேராசைக்காரர் இல்லை, காணிக்கை எண்ணெயில் தம் வீட்டு விளக்கைக்கூட ஏற்றாதவர். அதுதான் பிறகு பெரிய இடைஞ்சலாயிற்று. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் அவரும், ஜமாத்துக்குப் பெரியவரான ஜவுளிக்கடை அகமது கபீரும் நிற்கையில் அசன் முகம்மது பேச்சை எடுத்தார்.

"மச்சான், அது கபுரு இல்ல. ஹம்மாம். வெந்நீர்ல குளிக்கிற எடம். அந்தக் கல்லு மேல ஆளைப் படுக்கவச்சு முதுகு தேய்ப்பாவ. மேற்குச் சுவருக்குப் பின்னால கெணறு இருக்கு."

 பீர் முகமதுவை முந்திக்கொண்டு கபீர் பேசினார்.

"ஏம்ப்பா சிப்பாய், இந்த ஊரு வெயில்ல வெந்நீர்ல குளிக்கக் கட்டடம் கட்டுதவன் எவன்? பைத்தியக்காரனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அம்மாம்னா ஹம்மாம்தான் பெரியவரே."

"அம்மாம்னா இமாம். பெரிய இமாமா இருந்தவிய. சனங்க வாயில அம்மாம்னு ஆயிருச்சு" என்றார் பீர் முகமது.

"சரி, கபுரைச் சுத்தி வாய்க்கால் எதுக்கு?"

"பன்னீர் ஊத்துனா வழியத்தான்."

"எட்டு மூலை எதுக்கு மச்சான்? எட்டு மூலையில எந்த மய்யத்தை அடக்குவாவ?"

"போர்வையைத் தூக்கிப் பாத்தீயளா?" பீர் முகமது ஓரடி முன்னால் வந்தார். "எங்க அத்தாவும் அவுகளைப் பெத்தவிகளும் முதுகு தேய்க்கிற கல்லுக்கா பாத்திஹா ஓதுனாவ? தங்கச்சி புருஷனாப் போயிட்டீய. வேற ஆளா இருந்தா நடக்குறதே வேற."

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. மாஜிதா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கேன். என் மடியில விழுந்தது குளிக்கிற எடத்து ஓட்டையா?"

அவர் கை கழுவ எழுந்தார்.

"அப்ப இந்தப் பிள்ளயும் ஒண்ணுமில்லன்னு சொல்லுதீயளா?"

"பிள்ளைக்காகத்தான் புள்ள கெணறு கேக்கேன்."

"அண்ணன் மனசை நோவடிச்சு எனக்குத் தண்ணி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நாலாம் மாசம் அப்போது.

ஐப்பசி மழை அந்த வருஷம் ஏமாற்றியது. கார்த்திகையிலேயே ஊருணி அடிப்படிக்கு இறங்கிவிட்டது. பாசி பிடித்த படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மாஜிதா முன்னைவிட ஆறு படி கூடுதலாக இறங்கி ஏறினாள். உண்மையைச் சொல்லி மூன்று வாரம் ஆகியும் ஒரு செங்கல் நகரவில்லை. பொய் எவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்று பட்டாளத்தில் அவர் பார்த்திருக்கிறார். ஒரு திங்கட்கிழமை காலை பீர் முகமதுவின் வீட்டு வாசலில் போய் நின்று, தலையைக் குனிந்தபடி சொன்னார்:

"மச்சான், அப்பா கனவுல வந்தாவ."

பீர் முகமது கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னாவ?"

"தாகமா இருக்குன்னாவ. மேற்கே கையைக் காட்டுனாவ. அம்புட்டுதான்."

பீர் முகமது அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். இத்தனை நாள் விளக்கேற்றியவனிடம் வராமல் தம்மைப் பழித்தவனிடம் அப்பா போயிருக்கிறாரே, அதில்தான் பெரியவர்களின் பெருமை இருக்கிறது என்றார். அசன் முகம்மதுவுக்கு அந்த அணைப்பில் உடம்பு கூசியது. ஆனால் விலகிக்கொள்ளவில்லை. அன்று மத்தியானமே சுவரைத் திறக்க ஆளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

வந்தவர் இருளப்பசாமி, கிணறு வெட்டுகிறவர், கல்வேலையும் தெரிந்தவர். கடப்பாரையால் நாலு குத்து குத்தியதும் பூச்சு உதிர்ந்து பழைய செங்கல் வளைவு தெரிந்தது. அதற்குப் பின்னால் ஆள் நுழையும் இடைவெளி. உள்ளே சுவரெல்லாம் விரற்கடை கனத்துக்குக் கரி. அடுப்பின் வாய் தரைக்குக் கீழே இருட்டாகத் திறந்திருந்தது. குட்டைத் தூண்கள் வரிசையாகத் தெரிந்தன. சுவருக்குள் சுட்டமண் குழாய்கள். அவர் மூன்று வாரம் முன்பு சொன்ன ஒவ்வொன்றும் அங்கே அப்படியே இருந்தது. அசன் முகம்மது திரும்பி அகமது கபீரின் முகத்தைப் பார்த்தார்.

கபீர் விரலால் கரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம்புட்டுக் காலம் ஊதுபத்தி எரிஞ்சிருக்கணும்" என்றார்.

அடுப்புக்கு அப்பால் சுண்ணாம்பு பூசிய தொட்டி, அதற்கு அப்பால் சதுரமாகக் கல் அடுக்கிய கிணறு. இருளப்பசாமி கயிற்றில் இறங்கினார். செத்த நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது:

"தண்ணி கெடக்கு ராவுத்தரே! இடுப்பளவுக்கு மேல! தேனாட்டம் இருக்கு!"

பெண்கள் குலவையிட்டார்கள். அசன் முகம்மது சுவரில் சாய்ந்து நின்றார். இருநூறு காலடி. வழியெல்லாம் சமதரை, படி இல்லை. பொய்யானால் என்ன, நாளைக் காலை மாஜிதா இங்கே வருவாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கிணற்றடிக்குப் போகும் வளைவில் புதுக் கதவு போட்டிருந்தது. பீர் முகமது கையில் சாவி.

"மச்சான், தெருப் பொம்பளைக மொண்டுக்கிடட்டுமே" என்றார் அசன் முகம்மது.

பீர் முகமதுவுக்கு அது உண்மையாகவே புரியவில்லை.

"அப்பாவுக்குத் தாகம்னு நீங்கதானே சொன்னீய? இருநூறு முந்நூறு வருஷத் தாகம். தவிச்சுக் கெடக்கிறவிய தண்ணியப் புடுங்கிச் சோறாக்குறதா? ஈரத்துணி அலசுறதா? நீங்க பேசுறதா இது?"

அசன் முகம்மது கதவுப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.  பொய்யை அவரே அத்தனை கச்சிதமாகச் செய்திருந்தார்.

அந்த வியாழக்கிழமை முதல் கிணற்றுத் தண்ணீரை நாற்பது குடம் மொண்டு கல்மேடையில் ஊற்றினார்கள். போர்வையை எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டியிருந்தது. எட்டு மூலை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எட்டுச் சொர்க்கத்துக்கு எட்டு மூலை என்றார்கள். தண்ணீர் மேடையில் பரவி, சுற்று வாய்க்காலில் இறங்கி, ஒரு துளி வெளியே சிந்தாமல் மூலைத் துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சரிவை வெட்டியவன் தன் தொழிலைத் தெரிந்தவன். அதைப் பார்த்து மெச்சத் தெரிந்த ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் இருந்தார். துவாரத்தின் வெளிவாயில் பெண்கள் கிண்ணத்தோடு நின்று ஆளுக்கு ஒரு கை பிடித்தார்கள். மேடை தன் பழைய வேலையைத்தான் செய்தது. கிணற்றுக்குள் முதலில் இறங்கிய இருளப்பசாமிக்கும் வெளியே நின்றுதான் ஒரு கை கிடைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முற்றத்தில் அசன் முகம்மது எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கனவு ஒண்ணும் வரல. நான் பொய் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அகமது கபீர் எழுந்து அவர் கையைப் பிடித்துத் தம் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"கண்டவிய அப்படித்தான் மறைப்பாவ. பெருமை வந்துரப் படாதுல்லா. அன்னைக்குச் சிரிச்சதுக்கு என்னைய மாப்புச் செஞ்சிரும் தம்பி."

"பொய்யின்னு சொல்லுதேன் பெரியவரே!"

"சரி, சரி. பொய்யாவே இருக்கட்டும். தண்ணி வந்துச்சா இல்லையா?"

ஏழாம் மாசத்தில் மாஜிதா ஊருணிப் படியில் விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பெண்கள்; அவர்களோடு உடைந்த குடத்தையும் ஒருத்தி கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டுப் போனாள். பாலம்மாள் இரண்டு நாள் இருந்தாள். வெந்நீர் வெந்நீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆண் குழந்தை, உயிரில்லாமல் பிறந்தது. பீர் முகமது தங்கைக்கு ஒரு செம்பு நிறைய அப்பாவின் தண்ணீரைக் கொண்டுவந்தார். மற்றவர்களுக்குக் கைப்பிடி அளவு, தங்கைக்கு ஒரு செம்பு. அதை நீட்டியபோது அவர் கண்ணீர் செம்புக்குள் விழுந்தது.

எட்டு நாள் கழித்து, அவள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது அசன் முகம்மது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். தக்காணத்துக் குளியலறை, சூடு ஓடும் தரை, கனவு வராதது, கிணறு கேட்டது, யாருக்காகக் கேட்டது. அவள் மூடி வைத்திருந்த செம்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க பொய் சொன்னது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா?"

"நீங்க கனவு காணுத ஆளு இல்லையே." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா சொன்ன எடத்துல தண்ணி இருந்துச்சே. நீங்க பொய் சொன்னீய. அப்பா அதை நெசமாக்கிட்டாவ. நாமதான் அவுகளைப் பழிச்சோம். அதான் பிள்ள நிக்கல."

'நாம' என்றாள். அவளாகத் தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டாள். அதற்கு மேல் அவளிடம் சொல்ல அவருக்கு எதுவும் மிச்சம் இல்லை. காரணம் கேட்கிற மனசுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். அவரிடம் இருந்த காரணத்தைவிட அவளிடம் இருந்தது தாங்கிக்கொள்ள எளிது. அதை அவர் பிடுங்கவில்லை. அதைக் கருணை என்று சொல்ல முடியாது. பிடுங்கும் திராணி அவருக்கு இல்லை.

மாசி மாதத்தில் தர்காவின் இடிந்த முதலறையைச் சரிபண்ண இருளப்பசாமியைக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியூர்ப் பெண்கள் தங்குவதற்கு இடம் பத்தவில்லை. அசன் முகம்மது அந்தப் பக்கம் போனபோது அவர் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார். உளியை நிறுத்தாமலே பேசினார்.

"பாலம்மா சொல்லுச்சு. வருத்தம்தான் ராவுத்தரே."

"ம்."

"வீட்டம்மாவுக்காகத்தான் கெணறு கேட்டீயளாமே? பிள்ளைக்காக?"

"ஆமா இருளப்பா."

உளி நின்றது. இருளப்பசாமி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் குத்தல் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்கிறவரின் பார்வைதான்.

"பொறவு ஏன் ராவுத்தரே, நீங்களே ரெண்டு கொடம் தூக்கியிருக்கலாமே? எதுக்கு இம்புட்டும்?"

அசன் முகம்மது வாயைத் திறந்தார். தெரு என்ன சொல்லும் என்று சொல்ல வந்தார். பட்டாளத்தில் மலைப்பாதையில் கனத்த மூட்டையைத் தூக்கி நடந்த முதுகு அது. சுல்தான்கள், குதிரை வணிகர்கள், தரைக்கடியில் ஓடும் சூடு, இமாம், கனவு என்று அவர் நினைக்காதது எதுவும் இல்லை. இது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஆம்பள குடம் தூக்குறதா?" என்றார் கடைசியில்.

"எம் பொண்டாட்டி குருவம்மா மாசமா இருக்கையில நான்தான் தூக்குனேன். சிரிக்கத்தான் செஞ்சாங்க" என்று சொல்லிவிட்டு இருளப்பசாமி மறுபடி குனிந்து கொத்த ஆரம்பித்தார். அவருக்குப் பொழுது சாய்வதற்குள் அந்தக் கல்லை முடித்தாக வேண்டியிருந்தது.